ஸ்டென்டர் பாகத்துக்கு பீக் அச்சு: அடுக்குகள் பிரிகின்றன, எங்கே திருத்துவது?

தறிநாடா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னல் துணிகளைப் பதப்படுத்தும் ஸ்டென்டர் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் வடிவமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். இயந்திரத்தின் வெப்ப அறைக்குள் ஒரு சென்சாரைத் தாங்கி நிற்கும் பிடிப்பான் ஒன்றை இப்போது வடிவமைக்கிறோம். பாகத்தின் நீளம் 80 மில்லிமீட்டர். உள்ளே கேபிளுக்கு ஒரு வளைந்த பாதையும், சென்சாரைக் குளிர்விக்கும் காற்றுக்கு மற்றொரு பாதையும் உண்டு. அலுமினியத்தில் செய்தால் அறையின் சூடு முழுவதும் சென்சாருக்குக் கடத்தப்படுகிறது. மின்காப்பும் தேவைப்படுகிறது. ஆகவே பிளாஸ்டிக் என்றும், எண்ணிக்கை குறைவாக இருப்பதாலும் உள்பாதைகள் வளைந்திருப்பதாலும் முப்பரிமாண அச்சு என்றும் முடிவு செய்தோம். பாகம் நிற்கும் இடத்தில் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 150 டிகிரி செல்சியஸ். இயந்திரம் ஓடும்போது அதிர்வு இருக்கும், பெரிய சுமை எதுவும் இல்லை.

டேட்டா ஷீட்டில் தொடர் பயன்பாட்டு வெப்பநிலை 260 டிகிரி என்றும், இழுவிசை வலிமை சுமார் 100 மெகாபாஸ்கல் என்றும் இருந்ததால், கலப்பில்லாத பீக் (PEEK) என்ற, அதிகச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் இழையைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் அச்சு இயந்திரத்தில் நாசில் (இழையை உருக்கி வெளிவிடும் முனை) 410 டிகிரி வரையும், தளம் 150 டிகிரி வரையும், சேம்பர் (பாகத்தைச் சுற்றியுள்ள மூடிய அறை) 90 டிகிரி வரையும் போகும். படுக்க வைத்து அச்சிட்ட சோதனைத் துண்டுகள் 80 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல் தாங்குகின்றன. நிமிர்த்தி அச்சிட்டவையோ அதில் பாதியைக்கூடத் தொடாமல், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கத்தியால் வெட்டியது போலப் பிரிந்துவிடுகின்றன. பாகத்தின் மெல்லிய சுவர்களும் மூலைகளும் கண்ணாடித்தன்மையுள்ள அடர்பழுப்பாகவும், நடுப்பகுதி வெளிறிய சந்தன நிறமாகவும் வருகின்றன. அடுப்பில் வைத்து அனீலிங் (உருகாத அளவுக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுதல்) செய்தால் நிறம் சீராகிறது. ஆனால் அளவு சுருங்கி, துளைகளின் இடம் மாறிவிடுகிறது.

நாசில் வெப்பநிலையை இன்னும் உயர்த்துவதா, சேம்பர் சூடான வேறு இயந்திரத்துக்குப் போவதா, அனீலிங் முறையைத் திருத்துவதா, அல்லது பொருளையே மாற்றுவதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பலபடி (பதில்)

வணக்கம். நிறத்தைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எங்கே என்ன நடந்தது என்பதை அந்த நிறமே சொல்லிவிடுகிறது.

பீக் ஒரு பகுதிப் படிகப் பாலிமர், அதாவது அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில் ஒரு பகுதி மட்டும் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகும். அதன் கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை (படிகமற்ற பகுதி விறைப்பை இழந்து இளகத் தொடங்கும் சூடு) சுமார் 143 டிகிரி, உருகுநிலை 343 டிகிரி. உருகிய நிலையிலிருந்து வேகமாகக் குளிர்ந்தால் சங்கிலிகள் அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் படிகமற்ற கண்ணாடியாக உறைந்துபோகும். உங்கள் மெல்லிய சுவர்களில் தெரியும் அடர்பழுப்பு அதுதான். மெதுவாகக் குளிர்ந்த நடுப்பகுதியில் படிகங்கள் வளர்ந்து ஒளியைச் சிதறடிப்பதால் அது சந்தன நிறமாகத் தெரிகிறது. ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரே பாகத்துக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள். இரண்டின் சுருக்கமும் ஒன்றல்ல. இந்த வேறுபாடே பாகத்துக்குள் உள்ளழுத்தமாகத் தங்கி, ஓரங்களைத் தூக்கவும் அடுக்குகளைப் பிரிக்கவும் செய்கிறது.

அடுக்குகள் ஒட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூடான புதிய இழை கீழேயுள்ள அடுக்கைத் தொட்டவுடன் ஒட்டு முடிந்துவிடுவதில்லை. இரு பக்கத்துச் சங்கிலிகளும் எல்லைக்கோட்டைக் கடந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். நீண்ட சங்கிலிகள் ஊர்ந்து நகரும் இந்த இயக்கத்துக்கு 1971இல் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் த ஜென். அந்தக் கோட்பாட்டின் வழியே பார்த்தால், மாறாத வெப்பநிலையில் ஒட்டின் வலிமை நேரத்தின் நான்காம் மூலத்தோடு வளர்கிறது. அதாவது, ஒட்டின் வலிமையை இரட்டிப்பாக்க வேண்டுமானால் தொடர்பு நேரம் பதினாறு மடங்காக வேண்டும். அச்சு வேகத்தைக் குறைத்தும் உங்களுக்குப் பெரிய பலன் கிடைக்காமல் போனால், அதற்குக் காரணம் இதுதான். வெப்பநிலை அப்படியல்ல. சில பத்து டிகிரி உயர்ந்தாலே சங்கிலிகளின் நகர்வு பன்மடங்கு வேகமாகும்.

ஆனால் பீக்கில் இதற்கு ஒரு போட்டியும் உண்டு. சங்கிலிகள் கடந்து செல்லும் அதே இடைவெளியில் படிகங்களும் வளர்கின்றன. பீக் மிக விரைவாகப் படிகமாவது ஏறத்தாழ 230 டிகிரியில். எல்லைக்கோட்டுக்கு அருகே படிகங்கள் உருவாகிவிட்டால் சங்கிலிகள் அவற்றில் மாட்டிக்கொள்கின்றன, அதன் பிறகு பின்னல் வளர்வதில்லை. ஆகவே ஒட்டு நன்றாக அமைய வேண்டுமானால், கீழ் அடுக்கின் மேற்பரப்பு புதிய இழையின் சூட்டால் மீண்டும் உருகுநிலையை நெருங்க வேண்டும். கீழ் அடுக்கு 90 டிகிரியில் காத்திருப்பதற்கும் 180 அல்லது 200 டிகிரியில் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. எல்லைக்கோட்டின் வெப்பநிலை புதிய இழைக்கும் பழைய அடுக்குக்கும் ஏறத்தாழ நடுவில் அமையும் என்று கொண்டால், உங்கள் 410 டிகிரி நாசிலும் 90 டிகிரி அடுக்கும் சேர்ந்து 250ஐ ஒட்டிய வெப்பநிலையையே தருகின்றன. அது படிகமாதல் விரைவாக நடக்கும் பகுதி. அடுக்கு 200 டிகிரியில் இருந்தால் அதே கணக்கு 300ஐத் தாண்டும். நாசிலை 410இலிருந்து 430க்கு உயர்த்துவதால் எல்லைக்கோட்டுக்குக் கிடைப்பது வெறும் 10 டிகிரி, கூடவே பாலிமர் சிதையும் ஆபத்தும் வரும். என் முடிவு தெளிவானது: தேவை சேம்பர் வெப்பம்.

அனீலிங்கில் அளவு சுருங்குவதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். படிகமற்ற பீக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.26 கிராம், முழுப் படிகத்தின் அடர்த்தி 1.40. முற்றிலும் படிகமற்ற பாகம் ஒன்று அனீலிங்கில் 30 சதவீதப் படிகத்தன்மையை அடைந்தால், அதன் அடர்த்தி சுமார் 1.30 ஆகும். கனஅளவில் 3 சதவீதமும், ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 1 சதவீதமும் குறையும். 80 மில்லிமீட்டர் நீளத்தில் அது 0.8 மில்லிமீட்டர். உங்கள் பாகம் ஏற்கெனவே பாதி படிகமாகியிருந்தால் சுருக்கமும் பாதியாகும். ஆனால் சுவர் ஒரு விதமாகவும் நடு வேறு விதமாகவும் சுருங்குவதால் அது கோணலாகவே நிகழும். கணினி வரைபடத்தில் ஒரே விகிதத்தில் அளவைக் கூட்டி இதைச் சரிசெய்ய இயலாது.

அருகிலுள்ள கல்லூரியிலோ ஆய்வகத்திலோ டி.எஸ்.சி. கருவி (சூடேற்றும்போது பொருள் உறிஞ்சும், வெளிவிடும் வெப்பத்தை அளப்பது) இருந்தால், சுவரிலிருந்தும் நடுவிலிருந்தும் சில மில்லிகிராம் துண்டுகளைக் கொடுத்துப் பாருங்கள். உருகலின் வெப்பத்திலிருந்து, சூடேற்றும்போது 170 டிகிரியை ஒட்டித் தோன்றும் குளிர்ப்படிகமாதலின் (அச்சில் படிகமாகாத பகுதி இப்போது படிகமாவது) வெப்பத்தைக் கழித்து, மீதியை 130ஆல் வகுக்க வேண்டும். முழுப் படிக பீக் உருகுவதற்கு ஒரு கிராமுக்கு 130 ஜூல் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு. எடுத்துக்காட்டாக, உருகல் 40 ஜூல், குளிர்ப்படிகமாதல் 14 ஜூல் என்று வந்தால், அச்சில் உருவான படிகத்தன்மை 26ஐ 130ஆல் வகுத்த 20 சதவீதம். அந்த 14ஐக் கழிக்காமல் நேரடியாக வகுத்து 30 சதவீதம் என்று எழுதும் அறிக்கைகள் உலவுகின்றன, கவனமாக இருங்கள்.

உருக்குமுனை (பதில்)

பலபடி அவர்கள் சொன்ன அறிவியலோடு எனக்கு மாறுபாடு இல்லை. சேம்பரைப் பற்றிப் பேசுவதற்கு முன் பட்டறை நிலையில் சரிபார்க்க வேண்டிய சில விஷயங்கள் உள்ளன. இவை சரியில்லாமல் 200 டிகிரி சேம்பர் கிடைத்தாலும் பயனில்லை.

முதலாவது ஈரம். பீக் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும், பூரித நிலையிலும் அரை சதவீதம் அளவுதான். ஆனால் 400 டிகிரி நாசிலுக்குள் அந்தச் சிறிதளவும் ஆவியாகிக் குமிழிகளாக இழைக்குள் தங்கிவிடும். நாசிலிலிருந்து வெறும் காற்றில் இழையை ஓடவிட்டு, வெளிவரும் கம்பியைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே ஊசிமுனைத் துளைகள் தெரிந்தாலோ, வரும்போது மெல்லிய சடசட ஒலி கேட்டாலோ, இழை உலரவில்லை என்று பொருள். 150 டிகிரியில் 3 மணி நேரம், அல்லது 120 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்த வேண்டும். இழை சுற்றி வந்திருக்கும் ஸ்பூல் சாதாரணப் பிளாஸ்டிக்காக இருந்தால் இந்தச் சூட்டில் அது நெளிந்துவிடும். உலோகச் சுருளுக்கு மாற்றிக்கொண்டு உலர்த்துங்கள். உலர்த்தியதை அறையில் திறந்து வைத்து அச்சிட்டால் செய்த வேலை வீணாகும். சூடான உலர் பெட்டியிலிருந்தே நேராக நாசிலுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் திரையில் காணும் 410 டிகிரி உண்மையில் உருகிய பிளாஸ்டிக்கின் வெப்பநிலைதானா என்பது. சாதாரண தெர்மிஸ்டர் 300 டிகிரியை ஒட்டியே நம்பகம் இழக்கும். அதிகச் சூட்டை அளக்கும் பி.டி.100 அல்லது தெர்மோகப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குமேல், சென்சார் அளப்பது ஹீட்டர் கட்டையை. கெட்டிப்படுத்திய எஃகு நாசில் பித்தளையை விடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், வேகமாக ஓடும்போது இழையின் நடுப்பகுதி திரையில் காட்டும் எண்ணை எட்டாமலே வெளியேறிவிடக்கூடும். வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்போது அடுக்கு வலிமை திடீரென்று ஏறினால், சிக்கல் இங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம். உருகு பகுதிக்குள் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) குழாய் ஏதும் இருக்கக்கூடாது. இந்த வெப்பத்தில் அது சிதைந்து நச்சுப் புகையை வெளிவிடும்.

மூன்றாவது, குளிர்விக்கும் விசிறி. இதர பிளாஸ்டிக்குகளுக்கு எழுதிய அமைப்புக் கோப்பிலிருந்து நகலெடுத்தவர்கள் பலரது இயந்திரத்தில் அது குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பீக்குக்கு அதை முற்றிலும் நிறுத்துங்கள்.

தளத்தைப் பற்றி ஒரு வரி: பி.இ.ஐ. (பாலிஈதர்இமைடு) என்ற பிளாஸ்டிக் தகடு பீக்குக்கு மிக நல்ல தளம், ஏனெனில் இவ்விரண்டு பாலிமர்களும் உருகிய நிலையில் ஒன்றோடொன்று முழுமையாகக் கலக்கக்கூடியவை. சில சமயம் தேவைக்கு மேல் ஒட்டிக்கொள்ளும், ஆகவே தளம் ஆறும்வரை பொறுத்திருந்து எடுங்கள். வேலை முடிந்ததும் பீக்கை நாசிலுக்குள் சூட்டோடு நிற்கவிடாதீர்கள். நெடுநேரம் 400 டிகிரியில் நின்றால் கருகி, அடுத்த பாகத்தில் கரும்புள்ளிகளாக வரும். அச்சிடும் அறையில் புகைபோக்கியோடு கூடிய காற்றோட்டம் கட்டாயம்.

இழுவிசை (பதில்)

மேலே இருவரும் பீக்கை எப்படி நன்றாக அச்சிடுவது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த இடத்துக்குப் பீக் பொருத்தமா?

பாகம் நிற்கும் வெப்பநிலை 150. பீக்கின் கண்ணாடிநிலை மாறு வெப்பநிலை 143. நீங்கள் நம்பிய 260 டிகிரி என்பது, பொருள் ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டில் இருந்தாலும் வேதியியல் முறையில் சிதையாமல் தன் பண்புகளைத் தக்கவைக்கும் எல்லையைச் சொல்லும் எண். அந்தச் சூட்டில் அது விறைப்பாக நிற்கும் என்று அந்த எண் எங்கும் கூறவில்லை. சுமையோடு சூடேற்றினால் எப்போது வளையும் என்பதற்குத் தனி அளவு உண்டு. 1.8 மெகாபாஸ்கல் வளைவழுத்தத்தில், கலப்பில்லாத வார்ப்பு பீக்குக்கு அது 150 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. 30 சதவீதம் கார்பன் இழை சேர்த்த பீக்குக்கு அதே எண் 300ஐத் தாண்டுகிறது. 143ஐக் கடந்ததும் படிகமற்ற பகுதிகள் இளகிவிடும். அதன் பிறகு பாகத்தைத் தாங்கி நிறுத்துவது படிகங்கள் மட்டுமே. உங்கள் அடர்பழுப்புச் சுவர்களில் அவையும் இல்லை. அனீலிங் செய்யாத பாகத்தை அந்த அறைக்குள் பொருத்தினால், அது முதல் நாளிலேயே அங்கேயே படிகமாகி, சுருங்கி, தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும்.

மாற்றாகப் பி.இ.ஐ. குடும்பத்தைப் பாருங்கள். இது படிகமே ஆகாத பாலிமர். அல்டெம் என்ற பெயரில் விற்கும் பி.இ.ஐ. வகைகளுள் அல்டெம் 9085இன் மாறு வெப்பநிலை சுமார் 186 டிகிரி, அல்டெம் 1010இன் மாறு வெப்பநிலை சுமார் 217 டிகிரி. அறை வெப்பநிலையில் எடுத்த இழுவிசை எண்களை மட்டும் ஒப்பிட்டால் பீக் மேலானது போலத் தெரியும். 150 டிகிரியில் 1010 இன்னும் கண்ணாடிநிலையிலேயே, தன் விறைப்பின் பெரும்பகுதியோடு இருக்கும், பீக் அந்த எல்லையைக் கடந்துவிட்டிருக்கும். விலை உயர்ந்த பாலிமர் எல்லா இடத்திலும் உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஏர்பஸ் நிறுவனம் ஏ350 விமானத்தில் அல்டெம் 9085இல் அச்சிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களைப் பயன்படுத்தியது 2015இல் அறிவிக்கப்பட்டது. அங்கேயும் அந்தப் பொருள் தேர்வானது வலிமையில் முதலிடம் பெற்றதற்காக அல்ல. தீ, புகை, நச்சு ஆகிய மூன்றிலும் விமான அறைக்குரிய விதிகளை நிறைவேற்றியதே முக்கியக் காரணம்.

இரண்டு தடைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 90 டிகிரி சேம்பரில் 1010ஐ அச்சிட முயலாதீர்கள். படிகமற்ற பொருளில் உள்ளழுத்தம் சேராமல் இருக்க, சேம்பர் அதன் மாறு வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக வேண்டும். இல்லையேல் பாகம் அச்சின் நடுவிலேயே வெடிக்கும். சேம்பரை அப்படிச் சூடாக்கி, மோட்டார்களையும் பெல்ட்களையும் வெப்பத்துக்கு வெளியே வைக்கும் அமைப்புக்கு அச்சு இயந்திரத் தயாரிப்பாளரான ஸ்ட்ராடசிஸ் நிறுவனத்திடம் இருந்த அமெரிக்கக் காப்புரிமை 2021இல் காலாவதியானது. அதன் பிறகு இத்தகைய இயந்திரங்களை உருவாக்க மற்றவர்களுக்கும் வழி திறந்திருக்கிறது. இயந்திரம் வாங்குவதைவிட, அப்படிப்பட்ட இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்கு அச்சிடுவது உங்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தும். மற்றொன்று, வேதிப்பொருள். ஸ்டென்டரில் படியும் பஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எதைக்கொண்டு கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். செறிவான காஸ்டிக் சோடா பி.இ.ஐ.யைத் தாக்கும். குளோரின் சேர்ந்த கரைப்பான்களும் அப்படியே. பீக்குக்கு இவை பொருட்டே அல்ல, செறிவான கந்தக அமிலம் போன்ற சிலவற்றைத் தவிர எதுவும் அதைக் கரைக்காது. கழுவும் திரவம் காஸ்டிக் என்றால் என் பரிந்துரை மாறும்.

சோதனைத் துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. படுக்க வைத்த துண்டின் எண்ணை வடிவமைப்புக்கு எடுக்காதீர்கள். ஸ்ட்ராடசிஸின் டேட்டா ஷீட்டிலேயே அல்டெம் 9085 படுக்கைத் திசையில் சுமார் 70 மெகாபாஸ்கல், நிமிர்ந்த திசையில் சுமார் 42 மெகாபாஸ்கல். இத்தனைக்கும் அது சூடான சேம்பரில், தயாரிப்பாளரே அச்சிட்ட துண்டு. உங்கள் பாகம் எந்தத் திசையில் அதிர்கிறதோ அந்தத் திசையின் எண்ணே உங்களுக்குரியது. பிளாஸ்டிக் இழுவிசைச் சோதனைக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 527 ஒரு திசைக்குக் குறைந்தது ஐந்து துண்டுகள் கேட்கிறது. அவற்றின் சராசரியை விட, அவற்றுள் மிகக் குறைந்ததைக் கூர்ந்து பாருங்கள்.

டம்பெல் வடிவத் துண்டை நேரடியாக அச்சிட்டால், வளைவுப் பகுதியில் சுற்றுச்சுவர் இழைகள் முடிந்து திரும்பும் இடத்தில் சிறு இடைவெளிகள் உண்டாகி, துண்டு அங்கேயே உடையும். அந்த எண் பொருளின் வலிமையைச் சொல்லாது. ஒரு கட்டையாக அச்சிட்டு, அதிலிருந்து மில்லிங் செய்து எடுப்பதே நேர்மையான வழி. நிமிர்ந்த துண்டைத் தனியாக அச்சிடுவதும் ஏமாற்றும். மெல்லிய துண்டில் ஓர் அடுக்கு சில வினாடிகளில் முடிந்து, அடுத்த அடுக்கு சூடான பரப்பின் மேல் விழுகிறது. உங்கள் உண்மையான பாகத்தில் ஓர் அடுக்குக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகலாம், அதற்குள் பரப்பு ஆறிப்போகும். ஆகவே பாகத்தையும் நிமிர்ந்த துண்டுகளையும் ஒரே தளத்தில், ஒரே அச்சில் ஏற்றுங்கள்.

தறிநாடா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 143 டிகிரியையும் 150 டிகிரியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குழுவில் எவருக்கும் தோன்றவில்லை. இன்று ஆலையில் விசாரித்தேன். ஸ்டென்டர் அறையைக் கழுவுவதற்கு அவர்கள் வெந்நீரில் காஸ்டிக் கலந்த கரைசலையே பயன்படுத்துகிறார்கள், சென்சார் பகுதியை மட்டும் மூடி வைக்க ஒப்புக்கொள்வார்களா என்று தெரியவில்லை. ஆகவே பி.இ.ஐ. கடினமாகத் தோன்றுகிறது. இந்த நிலையில் கார்பன் இழை கலந்த பீக், அல்லது அதன் உறவுப் பொருளான பெக் (PEKK), இரண்டில் எது பொருத்தம்? பெக் எங்கள் 90 டிகிரி சேம்பரிலேயே அச்சாகும் என்று ஒரு விற்பனையாளர் கூறுகிறார்.

பலபடி

விற்பனையாளர் கூறுவது பாதி உண்மை. பெக் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல, அது ஒரு குடும்பம். அதன் சங்கிலியில் உள்ள டெரெப்தாலிக், ஐசோப்தாலிக் என்ற இருவகைக் கண்ணிகளின் விகிதத்தைப் பொறுத்து அதன் உருகுநிலையும் படிகமாகும் வேகமும் பெரிதும் மாறும். 60க்கு 40 விகிதத்தில் உள்ள வகை 305 டிகிரியை ஒட்டி உருகும், மாறு வெப்பநிலை சுமார் 160 டிகிரி. அது மிக மெதுவாகப் படிகமாவதால், நான் முன்பு சொன்ன போட்டி அதில் ஏறத்தாழ இல்லை. சங்கிலிகளுக்குப் பின்னிக்கொள்ள அவகாசம் கிடைக்கும், அடுக்குகள் நன்றாக ஒட்டும், பாகம் முழுவதும் ஒரே சீராகப் படிகமற்ற நிலையில் வெளிவரும். அந்த அளவில் அது உங்கள் இயந்திரத்துக்கு ஏற்றது. ஆனால் அப்படியே 150 டிகிரியில் பொருத்தினால், மாறு வெப்பநிலைக்கு 10 டிகிரி மட்டுமே இடைவெளி இருக்கும். நாளடைவில் பாகம் தொய்ந்துவிடும். பிறகு அடுப்பில் படிகமாக்கித்தான் ஆக வேண்டும். அங்கே சுருக்கம் வரும் என்றாலும், தொடக்கத்தில் பாகம் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதால் சுருக்கமும் சீராக வரும். சீரான சுருக்கத்தை வரைபடத்தில் முன்கூட்டியே ஈடுசெய்யலாம். பீக்கில் உங்களால் செய்ய முடியாமல் போனது இதுதான்.

கார்பன் இழை கலந்த பீக் 150 டிகிரியில் விறைப்பாக நிற்கும், சுருக்கமும் குறையும். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. குறுகிய கார்பன் இழைகள் நாசில் செல்லும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன, ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குள் நீள்வதில்லை. படுக்கைத் திசையில் எண்கள் பெரிதாக உயர்ந்து, நிமிர்ந்த திசையில் அப்படியே நிற்கும், சில சமயம் இழைகளைச் சுற்றி உண்டாகும் நுண்துளைகளால் குறையவும் செய்யும். மேலும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உங்களுக்கு மின்காப்பு வேண்டும் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணமே இதை விலக்கப் போதுமானது என்று கருதுகிறேன். கண்ணாடி இழை கலந்த வகை கிடைத்தால் அதைக் கருதலாம்.

உருக்குமுனை

60க்கு 40 பெக் எடுத்தால் அடுப்பு வேலையை அவசரமின்றிச் செய்யுங்கள். பாகத்தை அடுப்புத் தட்டில் வெறுமனே வைத்தால், மாறு வெப்பநிலையைக் கடந்ததும் படிகங்கள் தோன்றுவதற்கு முன் தன் எடையிலேயே சாய்ந்துவிடும். நன்கு உலர்த்திய நுண்மணலை ஓர் உலோகப் பெட்டியில் நிரப்பி, பாகத்தை அதில் புதைத்து, கேபிள் பாதைக்குள்ளும் காற்றுப் பாதைக்குள்ளும் மணல் இறங்கும்படி பெட்டியைத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். மணலுக்கு வெப்பம் ஏற நேரம் பிடிக்கும். அடுப்பின் எண்ணைப் பார்க்காமல், மணலின் நடுவே ஒரு தெர்மோகப்பிளைச் செருகி அது காட்டுவதைப் பின்பற்றுங்கள். முதலில் 150 டிகிரிக்குக் கீழே நிறுத்தி ஈரத்தைப் போக்கி, பிறகு மணிக்கு 10 டிகிரி வேகத்தில் 200க்கு ஏற்றி, சில மணி நேரம் வைத்து, அதே வேகத்தில் 140க்குக் கீழே இறக்கிய பின் அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். வெளியே எடுத்த பாகத்தில் எங்கேனும் ஒளி ஊடுருவும் பழுப்பு மிஞ்சியிருந்தால் அந்த இடம் இன்னும் படிகமாகவில்லை, மீண்டும் அடுப்புக்குப் போக வேண்டும்.

துல்லியம் தேவைப்படும் துளைகளை அச்சில் சிறிதாக விட்டு, அனீலிங் முடிந்த பிறகு துளையிட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இழுவிசை

அந்தத் துளைகளைப் பற்றியே ஒரு சேர்க்கை. பிடிப்பான் எந்த உலோகத்தின் மேல் பொருத்தப்படுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அலுமினியமாக இருந்தால் அதன் வெப்ப விரிவு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு, கலப்பில்லாத இவ்வகைப் பிளாஸ்டிக்குகளுக்கு ஏறத்தாழ 50. அறை வெப்பநிலையிலிருந்து 150 டிகிரிக்குப் போகும்போது 80 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் கால் மில்லிமீட்டருக்கும் மேல் வேறுபாடு வரும். எஃகு என்றால் இன்னும் கூடும். இரு முனைகளையும் இறுக்கமான வட்டத் துளைகளில் போல்ட் போட்டுக் கட்டினால், இயந்திரம் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்த வேறுபாடு முழுவதும் துளையைச் சுற்றியுள்ள அடுக்குகளின் மேல் விழும். ஒரு முனையில் வட்டத் துளையும் மறுமுனையில் நீள்துளையும் வைத்து, போல்ட்டின் இறுக்கத்தைப் பிளாஸ்டிக் தாங்காதபடி இரண்டிலும் உலோகச் சிலீவ் செருகுங்கள். பாகத்தை அச்சுத் தளத்தில் வைக்கும்போது, போல்ட் இழுக்கும் திசை அடுக்குகளைப் பிரிக்கும் திசையாக அமையாதவாறு திருப்பி வையுங்கள். கேபிள் பாதைக்குச் சற்றுக் கூடுதல் தாங்கிகள் தேவைப்பட்டாலும் அந்தத் திருப்பத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.